கணவாய் ஓட்டை எலும்பு வளரும் சாரக்கட்டாக்கியது: துளை கெடாமல் செய்த முறை

கடல் பொருளிலிருந்து எலும்பு உள்வைப்பு செய்வது என்றதும் பெரும்பாலோருக்கு முதலில் தோன்றுவது, சிப்பியைச் சுட்டு, நீற்றி, அமிலம் விட்டு வெள்ளைத் தூள் எடுப்பதுதான். அதையும் செய்து பார்த்தேன், பின்னால் வருகிறது. ஆனால் இந்தப் பதிவில் பெரும்பகுதி கணவாய் ஓட்டைப் பற்றித்தான் இருக்கும். எலும்பில் இருக்கும் கால்சியம் பாஸ்பேட் கனிமமான ஹைட்ராக்சிஅபடைட்டைத் தூளாகச் செய்வது இன்றைக்குப் பெரிய விஷயமே இல்லை. அந்தத் தூளைத் திரட்டி, உள்ளே ஒன்றோடொன்று இணைந்த துளைகளோடு ஒரு கட்டியாக நிற்க வைப்பதுதான் கஷ்டம். அந்தக் கஷ்டமான வேலையைக் கணவாய் உயிரோடு இருக்கும்போதே முடித்து வைத்துவிடுகிறது. நமக்கு மிச்சம் இருப்பது, சுவரில் உள்ள கார்பனேட்டை எடுத்துவிட்டு அந்த இடத்தில் பாஸ்பேட்டை வைப்பது, சுவர் இடியாமல்.

துளை ஏன் இவ்வளவு முக்கியம் என்று கேட்டால், உள்ளே எலும்பு வளர வேண்டுமானால் முதலில் ரத்தக்குழாய் உள்ளே நுழைய வேண்டும். அதற்குத் துளையின் குறுக்களவு குறைந்தது 100 மைக்ரானாவது வேண்டும் என்பது இந்தத் துறையில் எல்லோரும் வைத்திருக்கும் கணக்கு, 300க்கு மேல் இருந்தால் இன்னும் நல்லது. துளை இருந்தால் மட்டும் போதாது, ஒன்றிலிருந்து அடுத்ததற்கு வழியும் இருக்க வேண்டும், மூடிய குமிழிகளால் ஒரு பயனும் இல்லை.

எலும்பின் எடையில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு கனிமம், மீதி பெரும்பாலும் கொலாஜன் என்ற புரதமும் கொஞ்சம் நீரும். அந்தக் கனிமம் ஹைட்ராக்சிஅபடைட்டின் ஒரு வகை, கொஞ்சம் கார்பனேட், மக்னீசியம், சோடியம் எல்லாம் கலந்தது. சுத்தமான ஹைட்ராக்சிஅபடைட்டில் கால்சியமும் பாஸ்பரசும் அணு எண்ணிக்கையில் 1.67க்கு 1 என்ற விகிதத்தில் இருக்கும். இந்த 1.67 என்ற எண்ணை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், கீழே வரும் அளவெல்லாம் இதிலிருந்துதான் வருகிறது.

இந்த யோசனை பழையது. 1974இல் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டெல்லா ராயும் சாரி லின்னஹனும் பவளத்தின் எலும்புக்கூட்டை அம்மோனியம் பாஸ்பேட் கரைசலில் போட்டு, அழுத்தத்தோடு சூடாக்கி, வடிவம் மாறாமல் ஹைட்ராக்சிஅபடைட்டாக மாற்றிக் காட்டினார்கள். அதிலிருந்து புரோ ஆஸ்டியான் என்ற எலும்பு நிரப்பி வந்தது. போரைட்டிஸ் பவளத்தில் துளை சுமார் 200 மைக்ரான், கோனியோபோராவில் சுமார் 500, அதனால் 200, 500 என்ற எண்களையே பெயரோடு சேர்த்து விற்றார்கள். கண்ணை இழந்தவர்களுக்குக் குழிக்குள் வைக்கும் பயோ-ஐ என்ற உருண்டையும் பவளத்திலிருந்து இதே மாதிரி வந்ததுதான். அதற்கெல்லாம் முன்பே, 1931இல் ஹோண்டுராஸில் கிடைத்த மாயா காலத்துக் கீழ்த்தாடை ஒன்றில் மூன்று முன்பற்களின் இடத்தில் பல் வடிவில் செதுக்கிய சிப்பித் துண்டுகள் இருந்தன. 1970இல் அதை எக்ஸ்-கதிர் எடுத்துப் பார்த்தபோது துண்டுகளைச் சுற்றி எலும்பு வளர்ந்திருந்தது தெரிந்தது. அதாவது அந்த மனிதர் உயிரோடு இருக்கும்போதே வைத்தது, உடம்பும் அதை ஏற்றுக்கொண்டிருக்கிறது. எனக்கு இந்தத் துறையில் மிகவும் பிடித்த செய்தி இது.

பவளத்தை நான் தொடவில்லை. கல் பவளங்கள் எல்லாமே அழிவாபத்து உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் இருக்கின்றன, கடலிலும் அவை ஏற்கெனவே வெளுத்துச் செத்துக்கொண்டிருக்கின்றன. கணவாய் அப்படியில்லை. இறைச்சிக்காகத்தான் பிடிக்கிறார்கள், ஓடு கழிவாகப் போகிறது. கூண்டுப் பறவைகள் கொத்துவதற்கு மாட்டிவிடுவார்களே, அதே வெள்ளை ஓடுதான்.

அந்த ஓட்டை ஒரு தடவை உடைத்து, லென்ஸ் வைத்துப் பாருங்கள். முதுகுப்பக்கம் கெட்டியான ஒரு கவசம். அதற்குக் கீழே முழுக்க அடுக்குமாடிக் கட்டடம்தான்: மெல்லிய தளம், அதன்மேல் வளைந்து வளைந்து போகும் நுண்சுவர்கள், மறுபடியும் தளம். ஒரு தளத்துக்கும் அடுத்ததற்கும் இடையே சில நூறு மைக்ரான் இடைவெளி. மொத்தப் பருமனில் 90 சதவீதத்தை ஒட்டி வெற்றிடம். கணவாய் இந்த அறைகளில் வாயுவையும் நீரையும் கூட்டிக் குறைத்துத்தான் கடலில் மேலேயும் கீழேயும் போகிறது, ஆழத்தில் இருக்கும் அழுத்தத்தையும் இந்தச் சுவர்கள்தான் தாங்குகின்றன. சுவர் முழுக்க அரகோனைட் என்ற கால்சியம் கார்பனேட், நடுவே படலமாகக் கைட்டினும் புரதமும்.

ஒரு விஷயத்தை முதலிலேயே கவனிக்க வேண்டும். தளங்களில் பெரிதாகத் துளை கிடையாது. பக்கவாட்டில்தான் வழி திறந்திருக்கிறது, மேலிருந்து கீழே போக வழி இல்லை. அதனால் துண்டு வெட்டும் திசை முக்கியம். அடுக்குகளின் பக்கவாட்டு முகங்கள் நன்றாகத் திறந்திருக்கும்படி வெட்டினால் கரைசலும் உள்ளே போகும், பிற்பாடு உயிரணுவும் போகும். தளம் மேலே கீழே மூடியிருக்க, பக்கம் ஒழுங்காகத் திறக்காத துண்டு எதற்கும் உதவாது.

வெட்டுவதற்கு மெல்லிய பல் உள்ள சிறு ரம்பம் நல்லது. பிளேடை அழுத்தினால் அடுக்குகள் நொறுங்கி அந்த முகம் முழுக்கத் தூளால் அடைத்துக்கொள்கிறது. முதலில் கவசத்தைச் சீவி எடுத்துவிட்டேன், அது கெட்டியானது, அதற்குள் கரைசல் நுழைய மாட்டேன் என்கிறது. மீதியை ஒரு சென்டிமீட்டருக்குள் இருக்கும் சிறு கட்டிகளாக வெட்டி, தூரிகையால் தட்டி, வடித்த நீரில் கழுவினேன். வெட்டும்போது முகமூடி கட்டாயம், இந்தத் தூள் மிக நைஸ்.

அடுத்து உள்ளே இருக்கும் கரிமப் பொருளை எடுக்க வேண்டும். இரண்டு வழி இருக்கிறது. ஒன்று 5 சதவீத சோடியம் ஹைப்போகுளோரைட் கரைசலில் ஊறப்போட்டு, கழுவி எடுப்பது. இன்னொன்று 350 டிகிரி செல்சியஸில் மூன்று மணி நேரம் சுடுவது. இரண்டையும் ஒன்றன்பின் ஒன்றாகச் செய்வதுதான் எனக்குத் திருப்தி தந்தது. சுடும்போது முடி கருகும் வாடை வரும், துண்டு முதலில் பழுப்பாகி, கறுத்து, பிறகு சாம்பல் நிறத்துக்கு வரும். இங்கே வெப்பத்தை ஏற்றிவிடக் கூடாது. 400ஐத் தாண்டிப் போனால் அரகோனைட் கால்சைட்டாக மாறிவிடும். இரண்டும் ஒரே ரசாயனம், படிக அமைப்புதான் வேறு, ஆனால் கால்சைட் பாஸ்பேட்டோடு மாறிக்கொள்வது மெதுவாகத்தான் நடக்கும். இன்னும் மேலே 700, 800 என்று போனால் கார்பன்-டை-ஆக்சைடு வெளியேறி எல்லாம் சுட்ட சுண்ணாம்பாகிவிடும், அப்புறம் ஈரம் பட்டாலே உதிர்ந்துவிடும். எனவே உலையின் காட்டியை மட்டும் நம்பாமல், துண்டுக்குப் பக்கத்தில் தனி வெப்பமானி முனை வைத்துப் பாருங்கள். காட்டிக்கும் உள்ளே இருக்கும் உண்மையான வெப்பத்துக்கும் வித்தியாசம் இருப்பது சாதாரணம்.

அடுத்து, கார்பனேட்டைப் பாஸ்பேட்டாக மாற்றும் கரைசல். அதன் கணக்கு இப்படி. பத்து மூலக்கூறு கால்சியம் கார்பனேட்டுக்கு ஆறு மூலக்கூறு டைஅம்மோனியம் பாஸ்பேட். எடையில் சொன்னால் 1000 கிராமுக்கு 792 கிராம். ஆய்வகத்தில் 2 கிராம் ஓடு போட்டால் 1.58 கிராம் பாஸ்பேட் வேண்டும், அதை 20 மி.லி. நீரில் கரைத்தால் சரியாக 0.6 மோலார் கரைசல். உரக்கடையில் மூட்டையாக வரும் டி.ஏ.பி.யும் இதே பொருள்தான் என்றாலும் அதில் வேண்டாத உலோகம் எல்லாம் கலந்திருக்கும், ஆய்வகத் தரம்தான் போட வேண்டும்.

இந்தக் கணக்கில் ஒரு வேடிக்கை உண்டு. ஆயிரம் கிராம் கார்பனேட் முழுதாக மாறினால் கிடைக்கும் ஹைட்ராக்சிஅபடைட் 1004 கிராம். கிட்டத்தட்ட அதே எடை. நிறமும் அதே வெள்ளை, வடிவமும் அதே. ஆகவே உள்ளே போட்ட துண்டையும் வெளியே எடுத்த துண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாலும், தராசில் வைத்தாலும், மாறியதா இல்லையா என்று சொல்ல முடியாது. இந்த வேலையில் சோதனைக்கு இவ்வளவு நேரம் போவது இதனால்தான்.

கரைசலில் போட்டவுடன் துண்டு மிதக்கும். மிதப்பதற்காகவே கட்டப்பட்ட ஓடு, வேறென்ன செய்யும். அப்படியே ஆட்டோகிளேவ் என்ற மூடிய அழுத்தக் கலத்தில் வைத்தால் அறைக்குள் காற்று நின்றுகொண்டு கரைசலை உள்ளே விடாது, வெளித்தோல் மட்டும் மாறும். நான் செய்தது, துண்டுகளைக் கரைசலோடு ஒரு வெற்றிடக் கலத்தில் வைத்து, மேலே துளையிட்ட டெப்லான் தட்டு ஒன்றைப் பாரமாக வைத்து, பம்பை ஓட்டியது. பக்கவாட்டு முகங்களிலிருந்து சரம் சரமாகக் குமிழி வரும். அது அடங்கியதும் காற்றை மெல்ல உள்ளே விட்டால் கரைசலை இழுத்துக்கொண்டு துண்டு மூழ்கும். மறுபடி பம்பு, மறுபடி காற்று. தட்டை எடுத்த பிறகும் துண்டு அடியிலேயே கிடந்தால் உள்ளே நிறைந்துவிட்டது என்று அர்த்தம். இந்த ஒரு படியைச் செய்த தொகுதிக்கும் செய்யாத தொகுதிக்கும் இருக்கும் வித்தியாசம் வேறு எந்த மாற்றத்திலும் வரவில்லை, அதனால்தான் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

பிறகு டெப்லான் உட்கலம் கொண்ட எஃகு ஆட்டோகிளேவ், 200 டிகிரி. பாதுகாப்பைப் பற்றி இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். 200 டிகிரியில் நீராவியின் அழுத்தம் மட்டுமே 15 பாருக்கு மேல். இந்த வினையில் கார்பன்-டை-ஆக்சைடும் அம்மோனியாவும் வேறு வெளியாகி அதோடு சேரும். கலத்தில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் நிரப்பவே கூடாது. கலத்தில் பொறித்திருக்கும் வெப்ப எல்லையைத் தாண்டவும் கூடாது, டெப்லான் இளகி வழிய ஆரம்பித்துவிடும். சூட்டோடு திறக்க நினைக்கவே நினைக்காதீர்கள். உலையை அணைத்து, தானாக அறை வெப்பத்துக்கு வந்தபிறகு, புகையை இழுக்கும் அடைப்புக்குள் வைத்துத் திறக்க வேண்டும். திறந்ததும் மூக்கில் அம்மோனியா அறையும், அது வினை நடந்ததற்கு நல்ல அறிகுறி, ஆனால் நடந்து முடிந்ததற்கு அத்தாட்சி இல்லை. வீட்டில் பிரஷர் குக்கரில் செய்து பார்க்கலாமா என்று கேட்பவர்களுக்கு: கூடாது. குக்கர் போகும் வெப்பத்தில் இந்த வினை ஒழுங்காக நகராது, அழுத்தக் கலத்துக்குரிய பாதுகாப்பும் கிடையாது.

எவ்வளவு நேரம்? அரை சென்டிமீட்டர் கனமுள்ள துண்டுக்கு ஒரு முழு நாள் போதுமாக இருந்தது. ஒரு சென்டிமீட்டரை நெருங்கினால் இரண்டு நாள் விட வேண்டியிருந்தது. வெப்பத்தை 180க்கு இறக்கினால் நேரம் நன்றாகவே நீள்கிறது.

எடுத்தபின் கொதிக்கும் வடித்த நீரில் திரும்பத் திரும்பக் கழுவ வேண்டும். அறைகளுக்குள் அம்மோனியம் உப்பு தங்கிவிடும், கழுவிய நீரின் பி.எச். வடித்த நீரின் அளவுக்கு வரும் வரை விடக் கூடாது. பிறகு 105 டிகிரியில் உலர்த்தல்.

சரி, மாறியதா? கையில் உள்ள மலிவான சோதனை இது. ஒரு துண்டைக் குறுக்கே இரண்டாக வெட்டி, வெட்டு முகத்தில் நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தைத் துளித்துளியாக, ஓரத்திலிருந்து நடுவை நோக்கி வைத்துக்கொண்டே போங்கள். ஹைட்ராக்சிஅபடைட் அமிலத்தில் சத்தமில்லாமல் கரையும். கார்பனேட் பொங்கும். வெற்றிடப் படி இல்லாமல் செய்த துண்டில் ஓரத்தில் வைத்த துளி அமைதியாக ஊறியது, கொஞ்சம் உள்ளே தள்ளி வைத்ததும் நுண்குமிழி தெரிந்தது, நடுவில் வைத்தது நுரைத்துப் பொங்கியது. வெளியே எலும்புக் கனிமம், உள்ளே அதே பழைய கணவாய் ஓடு. வெற்றிடத்தில் ஊறிய துண்டில் நடுவிலும் அமைதி. லென்ஸ் வழியாகப் பார்த்துக்கொண்டு இதைச் செய்தால் எல்லைக்கோடு எங்கே என்பதே தெரிகிறது, எத்தனை மணி நேரத்தில் எவ்வளவு ஆழம் போகிறது என்று இதை வைத்தே ஒரு அட்டவணை போட்டுக்கொள்ளலாம்.

அடுத்தது எக்ஸ்.ஆர்.டி., அதாவது எக்ஸ்-கதிர் எந்தக் கோணத்தில் சிதறுகிறது என்பதை வைத்துப் படிகத்தை அடையாளம் காணும் சோதனை. துண்டின் நடுப்பகுதியைத் தனியாகச் சுரண்டி அரைத்துக் கொடுங்கள், மொத்தமாக அரைத்தால் நடுவில் இருக்கும் மிச்சம் மறைந்துபோகும். ஹைட்ராக்சிஅபடைட்டுக்கு 31.8, 32.2, 32.9 டிகிரிக் கோணத்தில் நெருக்கமாக மூன்று உச்சிகள், 25.9இல் ஒன்று. அரகோனைட்டின் பெரிய உச்சி 26.2இல் இருப்பதால் இந்த 25.9ஓடு ஒட்டிக்கொண்டு குழப்பும். அதனால் அரகோனைட் மிச்சம் இருக்கிறதா என்று பார்க்க 27.2ஐப் பாருங்கள், அங்கே ஹைட்ராக்சிஅபடைட்டுக்கு ஒன்றும் இல்லை. 29.4இல் ஏதாவது நின்றால் அது கால்சைட், அதாவது ஓட்டைச் சுடும்போதே வெப்பம் ஏறிவிட்டது. அகச்சிவப்பு அலைமாலையில் அலையெண் 1030ஐ (செ.மீ.⁻¹) ஒட்டிப் பாஸ்பேட்டின் பெரிய பட்டை, அதோடு 870, 1420 பக்கம் சிறிய கார்பனேட் பட்டைகள். இந்தச் சின்னக் கார்பனேட்டைப் பார்த்துப் பதற வேண்டாம். படிகத்துக்குள்ளேயே கொஞ்சம் கார்பனேட் போய் உட்கார்ந்திருக்கிறது, நம் எலும்பிலும் அப்படித்தான், அது இருந்தால் உடம்புக்குள் கொஞ்சம் சீக்கிரம் கரைந்து புது எலும்புக்கு இடம் விடும். சுத்தமான, நன்றாகச் சுட்ட ஹைட்ராக்சிஅபடைட் வருடக்கணக்கில் அப்படியே கிடக்கும். தூய்மை என்பதை ஒரே இலக்காக வைத்துக்கொண்டு இந்தக் கார்பனேட்டையும் விரட்ட நினைப்பது தேவையில்லாத வேலை என்பது என் கருத்து. அரகோனைட்டில் இயல்பாகவே இருக்கும் ஸ்ட்ரான்சியமும் கொஞ்சம் கூடவே வருகிறது, அதுவும் எலும்புக்குக் கெடுதல் இல்லை.

எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தபோதுதான் மனசு நிறைந்தது. தளம், சுவர், இடைவெளி எல்லாம் பழையபடி நிற்கின்றன. முன்பு வழவழப்பாக இருந்த சுவரின்மேல் இப்போது நுண்ணிய தகடுகளும் ஊசிகளும் கொத்துக் கொத்தாகப் படர்ந்திருக்கின்றன. சொரசொரப்பான பரப்பில் உயிரணு நன்றாகப் பிடித்துக்கொள்ளும் என்பதால் இது வேண்டிக் கிடைத்த மாதிரி.

குறை, வலிமை. விரல்களுக்கு நடுவே வைத்து அழுத்தினால் ஓரம் உதிர்கிறது. மனித எலும்பில் பஞ்சு போன்ற உட்பகுதியின் அமுக்கு வலிமையே சில மெகாபாஸ்கல்தான், இந்தத் துண்டு அதன் கீழ் எல்லையை எட்டவே தடுமாறுகிறது. வெளிப்புறக் கெட்டி எலும்போ நூறு மெகாபாஸ்கலுக்கு மேல், அதோடு ஒப்பிடவே வேண்டாம். எனவே பாரம் தாங்கும் இடத்துக்கு இது ஆகாது. தாடையில் பல் எடுத்த குழி, எலும்பில் கட்டி நீக்கிய பள்ளம் மாதிரி சுற்றிலும் எலும்பு தாங்கி நிற்கும் இடங்களுக்குத்தான் இந்த வகைப் பொருள் பொருந்தும்.

வலிமையைக் கூட்ட இரண்டு வழி பார்த்தேன். ஒன்று, மறுபடியும் உலையில் வைத்து 1100 டிகிரிக்கு மேல் சுடுவது. கெட்டிப்படுகிறது, ஆனால் சுருங்குகிறது, நுண்தகடுகள் ஒன்றோடொன்று இளகி மழுங்கிவிடுகின்றன, கார்பனேட்டும் போய்விடுகிறது. கொடுப்பதைவிட எடுப்பது அதிகம். இன்னொன்று பாலிகேப்ரோலாக்டோன் பூச்சு. இது உடம்புக்குள் மெல்லக் கரையும் பிளாஸ்டிக். குளோரோபார்மில் கரைத்து, அதே வெற்றிடக் கலத்தில் துண்டுக்குள் இழுக்க வைத்து, மிச்சத்தை வடித்து, உலர்த்தினேன். கரைசல் கெட்டியாக இருந்தால் துளை வாயில் படலம் கட்டி மூடிவிடுகிறது, நீர்த்த கரைசலை இரண்டு முறை ஏற்றுவது மேல். உலர்ந்தபின் துண்டு உதிர்வதை நிறுத்திவிட்டது. அழுத்தினால் பொடியாகச் சிதறாமல், விரிசல் விட்டும் ஒன்றாக நிற்கிறது, ரம்பத்தால் வெட்டி வடிவம் கொடுக்கக்கூட முடிகிறது. அறுவை மருத்துவர் கையில் இருக்கும் பொருளுக்கு இந்தக் குணம் மிகவும் முக்கியம். ஆனால் ஒரு விலை உண்டு: பாலிகேப்ரோலாக்டோன் 60 டிகிரியிலேயே உருகும், எனவே 121 டிகிரி நீராவிக் கிருமிநீக்கம் நடக்காது. காமாக் கதிரோ எத்திலீன் ஆக்சைடு வாயுவோதான் வழி. அதோடு குளோரோபார்ம் முழுக்க வெளியேற வேண்டும், வெற்றிடத்தில் நன்றாக நாள் கொடுத்து வைத்தேன்.

இனி சிப்பி. 900 டிகிரியில் சுட்டால் கார்பனேட் முழுக்கச் சுட்ட சுண்ணாம்பாகும். நூறு கிராம் போட்டால் 56 கிராம் மிஞ்ச வேண்டும், மூசையை எடை போட்டாலே முடிந்ததா என்று தெரியும், கூடுதலாக இருந்தால் இன்னும் வேகவில்லை. அதை நீற்றி, பால் போலக் கலக்கி, பாஸ்பாரிக் அமிலத்தைச் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். 10 கிராம் சுட்ட சுண்ணாம்புக்கு 85 சதவீத அமிலம் 7.3 மி.லி., அதை நன்றாக நீர்த்துப் பயன்படுத்துங்கள். அமிலத்தை வேகமாக விட்டு பி.எச். 9க்குக் கீழே இறங்கிவிட்டால் கால்சியம் குறைந்த பொருள் உருவாகி, பிறகு சுடும்போது பீட்டா டிரைகால்சியம் பாஸ்பேட் என்ற வேறொரு சேர்மமாகப் பிரிந்து நிற்கும். எக்ஸ்.ஆர்.டி.யில் 31.0இல் ஒரு உச்சி எழும்பினால் அதுதான். மாறாகச் சுண்ணாம்பு மிஞ்சினால், சுட்ட தூளின்மேல் வைத்த ஈரமான பினாப்தலீன் துளி ரோஜா நிறமாகும். அந்த நிறம் வந்த தூளை உள்வைப்புக்கு நினைக்கவே கூடாது, உடம்பின் ஈரத்தில் நீறிக் காரமாகித் திசுவைச் சுடும். முறை நல்ல முறை, தூள் அருமையாக வருகிறது, உலோகத் திருகுகளுக்கு மேல்பூச்சாகவோ பற்பசை மாதிரி வேலைக்கோ போதும். ஆனால் சிப்பி கட்டிய அமைப்பு எல்லாம் சுண்ணாம்புக் காளவாயிலேயே போய்விடுகிறது.

மீன் எலும்பு இன்னும் சுலபம், அது ஏற்கெனவே அபடைட். வேகவைத்துச் சதையை நீக்கி, உலர்த்தி, சுட வேண்டியதுதான். 600இல் சாம்பல் கலந்த வெள்ளை, 900இல் பளிச்சென்ற வெள்ளை. சில துண்டுகளில் லேசான நீலம் தட்டியது. அபடைட்டுக்குள் மாங்கனீசு துளியளவு போய் ஆக்சிஜனேற்றம் அடைந்தால் இந்த நிறம் வரும், அழுக்கு என்று நினைத்துக் கழுவிக்கொண்டிருக்க வேண்டாம்.

கடல் முள்ளெலியின் முள்ளையும் எடுத்துப் பார்த்தேன், உள்ளே அழகான வலைப்பின்னல். ஆனால் அது மக்னீசியம் நிறைந்த கால்சைட். மக்னீசியம் அபடைட் உருவாவதைத் தடுக்கும், அதே பாஸ்பேட் கரைசலில் போட்டால் மக்னீசியம் கலந்த டிரைகால்சியம் பாஸ்பேட் பக்கம் போகிறது. சீக்கிரம் கரைய வேண்டிய இடத்துக்கு அது நல்ல பொருளாக இருக்கலாம், கணவாய்க்குப் பிறகு என் பட்டியலில் அடுத்தது அதுதான்.

கணவாய்த் துண்டுகளை, ரத்தநீரின் அயனிகளை ஒத்த கரைசலில் 36.5 டிகிரியில் ஒரு வாரம் ஊறப்போட்டேன். ஜப்பானின் கொகுபோ வகுத்த கரைசல், பி.எச். 7.4. எடுத்துப் பார்த்தால் சுவரின்மேல் புதிதாக அபடைட் படலம். இது நல்ல சேதி, ஆனால் உடம்பு ஏற்கும் என்பதற்கு இதை ஆதாரமாகக் காட்டக் கூடாது. அதற்கு உயிரணுச் சோதனை, விலங்குச் சோதனை, மருத்துவப் பொருள் உடம்புக்கு ஒத்துப்போகிறதா என்று சோதிப்பதற்கான சர்வதேசத் தரமான ஐ.எஸ்.ஓ. 10993 சொல்லும் வரிசை எல்லாம் இருக்கின்றன, ஆய்வக மேசையில் செய்த எதையும் அதற்கு முன் ஒரு மனிதர் உடம்பில் வைப்பது குற்றம்.

அதற்கும் முன்னால் நிற்பது கன உலோகம். உள்வைப்புக்கான ஹைட்ராக்சிஅபடைட்டில் ஒரு கிலோவுக்கு ஆர்சனிக் 3 மில்லிகிராம், காட்மியம் 5, பாதரசம் 5, ஈயம் 30 என்பதுதான் மேல்வரம்பு. கணவாய் வகை உயிரிகளின் செரிமானச் சுரப்பி காட்மியத்தைச் சேர்த்து வைக்கும் இயல்புடையது. ஓட்டில் அவ்வளவு இருக்காது என்றாலும் சுத்தம் செய்யாத ஓட்டில் உள்ளுறுப்பு ஒட்டிக்கொண்டு வந்தால் அளவு ஏறும். அதனால் வாங்கும்போதே இனம் எது, எந்தக் கடலில் பிடித்தது, எந்த மாதம் என்பதைக் கேட்டு உறையின்மேல் எழுதிவிடுகிறேன், வெவ்வேறு இடத்து ஓடுகளைக் கலப்பதில்லை. தொகுதிக்குத் தொகுதி மாறாமல் ஒரே மாதிரி வருவதுதான் இயற்கைப் பொருளில் இருக்கும் பெரிய சவால், விசாரித்து எழுதி வைக்காமல் அதைப் பிடிக்க வழியில்லை. இப்போது சோதனைக்குப் போகும் தொகுதியில் அடுக்குப் பகுதியின் தூளையும், சீவி ஒதுக்கிய முதுகுக் கவசத்தின் தூளையும் தனித்தனி உறையில் அனுப்புகிறேன். உலோகம் கவசத்தில் அதிகம் சேர்கிறதா, அடுக்கிலா என்பது தெரிந்தால் இனிமேல் சீவும்போது எவ்வளவு ஆழம் வரை எடுப்பது என்று முடிவு செய்துவிடலாம்.